ஒரு தேக்கரண்டி இரும்பு

ஹட்டனிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதையில் பத்து வருடத்துக்கு முன் இரண்டாம் கியரிலேயே ஏறிய லேண்ட் ரோவர், இப்போது அதே வளைவில் முதலாம் கியர் கேட்கிறது. பின்னால் நீலப் புகை. கிழமைக்கு ஒரு போத்தல் ஒயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. பொனட்டைத் திறந்து பார்த்தால் எதுவும் உடையவில்லை, எதுவும் கழன்று விழவில்லை. வாங்கிய அன்று இருந்த உறுப்பெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வலு மட்டும் எங்கே போனது?

காணாமல் போனது கொஞ்சம் இரும்பு. எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1958 முதல் லேண்ட் ரோவரில் வந்த இரண்டேகால் லீற்றர் பெற்றோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 90.47 மி.மீ. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 88.9 மி.மீ. சிலிண்டர் சுவர் மேல் முனையில் தேய்ந்து விட்டம் 0.2 மி.மீ. பெருத்திருக்கிறது, கீழே வரவரத் தேய்மானம் குறைந்து அடியில் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். ஓர் எஞ்சினை 'செய்ய வேண்டிய' நிலைக்குக் கொண்டுவர இவ்வளவு தேய்மானம் போதும். நாலு சிலிண்டரிலும் சேர்த்து உதிர்ந்த இரும்பு ஏறத்தாழ 5 கன சென்ரிமீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டி. ஒன்றரை தொன் வண்டியை மலையில் திணற வைப்பது அவ்வளவுதான்.

அந்தத் தேக்கரண்டி இரும்பு எங்கிருந்து, எப்படி, ஏன் போனது என்று கண்டுபிடிப்பதுதான் வீட்டுக் கொட்டிலில் ஓர் எஞ்சினைப் பிரித்துச் செய்யும் வேலையின் பெரும்பகுதி. ஸ்பானர் பிடிப்பது அதற்குப் பிறகு.

மலையகத்தில் இந்த வண்டிகள் இன்னும் ஓடுவதற்குக் காரணம் பழம்பொருள் மோகம் மட்டுமல்ல. லேண்ட் ரோவர் முதன்முதலில் காட்சிக்கு வந்தது 1948 ஏப்ரலில், ஆம்ஸ்டர்டாமில். கொழுந்து மலைகளுக்கு நடுவே கல்லும் சேறுமாகக் கிடந்த தோட்டப் பாதைகளுக்கென்றே செய்ததுபோல் இருந்ததால் துரைமார் அதை விட்டுவைக்கவில்லை. அலுமினியக் கலவை உடல் என்பதால் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழையிலும் தகரம்போல் உக்கிப்போகவில்லை. பிறகு வந்தது தட்டுப்பாட்டுக் காலம். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி இறுக்கப்பட்டது. அதே காலத்தில், 1972இலும் 1975இலும், தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. துரைமார் கப்பலேறினார்கள், வண்டிகள் இங்கேயே தங்கின. அரை நூற்றாண்டு கழித்து 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. புது வண்டி வராத நாட்டில் பழைய வண்டியைச் செய்யத் தெரிந்தவனுக்குத்தான் வண்டி. 1958இல் அறிமுகமாகி வடக்கிலும் மலையகத்திலும் எதிர்ப்பைக் கிளப்பிய சிங்கள 'ஸ்ரீ' எழுத்துத் தகட்டோடு இன்றும் சில லேண்ட் ரோவர்கள் ஓடுவதைப் பார்க்கலாம். தகராறு ஒரு வரலாறாகிவிட்டது, எஞ்சின் இன்னும் வேலை செய்கிறது.

சரி, எஞ்சினுக்கு வருவோம்.

சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால் உள்ளே காற்று நெருங்கி விரலைத் தள்ளும். பம்பும் சூடாகும். எஞ்சினின் சிலிண்டர் அத்தகைய ஒரு பம்புதான். பெற்றோல் ஆவி கலந்த காற்றை உறிஞ்சுகிறது, நெருக்குகிறது, தீப்பொறி விழுந்ததும் அது எரிந்து விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது, கடைசியில் புகையை வெளியேற்றுகிறது. இந்த நாலில் வலுவுக்கு வித்திடுவது இரண்டாவது. ஏழு தம்ளர் காற்றை ஒரு தம்ளருக்குள் அடக்கினால் நெருக்கல் விகிதம் ஏழுக்கு ஒன்று. பழைய லேண்ட் ரோவர் பெற்றோல் எஞ்சினின் விகிதம் அதுதான். நன்றாக நெருங்கிய கலவை எரியும்போதுதான் பலமாகத் தள்ளும்.

இங்கே ஒரு சொல் விவகாரம். ஒரு பரப்பின் மேல் காற்று தள்ளும் அளவை இலங்கைப் பாடநூல்கள் 'அமுக்கம்' என்கின்றன, தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'அழுத்தம்' என்கின்றன. கராஜில் இரண்டும் கிடையாது. அங்கே 'கொம்ப்ரஷன்' ஒன்றுதான். "கொம்ப்ரஷன் இல்ல" என்று பாஸ் சொன்னால், பம்பின் வாயை அடைத்த விரல் சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம்.

விரல் எங்கெங்கே ஒழுகலாம்? மூன்று வழி. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் சுவரோடு ஒட்டாமல் போகலாம். மேலே உள்ள வால்வுகள் தம் இருக்கையில் சரியாக உட்காராமல் போகலாம். சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள கஸ்கட் எரிந்து ஓட்டை விழலாம். எஞ்சினைப் பிரிக்காமலே எது என்று சொல்ல முடியும். பழைய பாஸ்மார் புகையையே படித்துவிடுவார்கள். கறுப்பு என்றால் பெற்றோல் அதிகம். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. வெள்ளை என்றால் தண்ணீர். ஆனால் நுவரெலியாவில் விடியற்காலையில் மனிதர் வாயிலிருந்தே வெள்ளைப் புகை வரும், வண்டியிலிருந்து வருவதற்குக் கேட்கவா வேண்டும்? குளிரில் ஒடுங்கிய நீராவி சில அடி தூரத்தில் கரைந்துவிடும். ஒயில் புகை கரையாது, தேயிலைச் செடிகளுக்கு மேல் தொங்கிக்கொண்டு நிற்கும். இன்னொரு சோதனையை மலைப்பாதையே செய்து கொடுக்கிறது. லபுக்கலையிலிருந்து றம்பொடை வரை காலை எடுத்துவிட்டு எஞ்சின் இழுவையிலேயே இறங்கினால், மூடிய கார்பரேட்டருக்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகி, தேய்ந்த வால்வுத் தண்டுகளின் வழியே ஒயிலை உள்ளே உறிஞ்சும். அடிவாரத்தில் மறுபடி மிதிக்கும் கணத்தில் ஒரு நீலக் கொத்து வெளியே பாயும். கண்ணாடியில் அதைப் பார்த்தவர் வால்வுத் தண்டு வழிகாட்டிகளைச் சந்தேகிக்கலாம்.

புகை சாட்சி சொல்லும், எண் சொல்லாது. எண்ணுக்கு ஓர் அமுக்கமானி வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, நாலு தீப்பொறிச் செருகியையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சில சுற்று சுற்றவிட்டு ஒவ்வொரு துளையிலும் அளக்க வேண்டும். நாலில் மூன்று 120க்குப் பக்கத்தில் நிற்கின்றன, மூன்றாவது சிலிண்டர் மட்டும் 85 என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துளைக்குள் ஒரு கரண்டி ஒயிலை ஊற்றி மறுபடி அளக்க வேண்டும். எண் 110க்குத் தாவினால் குற்றவாளி வளையமும் சுவரும்தான். பிஸ்டனின் மேல் தேங்கிய ஒயில் அந்த இடுக்கைத் தற்காலிகமாக அடைத்துவிட்டது. எண் அசையவில்லையென்றால் ஒழுகல் மேலே, வால்விலோ கஸ்கட்டிலோ. ஒயில் மேலே ஏறிப் போய் அங்கே அடைக்க முடியாதல்லவா. ஒரு கரண்டி ஒயில் ஒரு வழக்கைத் தீர்த்துவிடுகிறது.

இந்தச் சோதனையில் மலைநாட்டுக்காரர் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். கையேட்டிலும் கொழும்பு கராஜிலும் சொல்லும் எண் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியாவில் நாலு சிலிண்டரிலும் 120தான் காட்டுகிறது. 'எஞ்சின் முடிந்தது' என்று தோன்றும். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. குறை காற்றில்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் தலைக்கு மேல் உள்ள காற்றுக் கூரை மெலிந்துபோகிறது. அங்குள்ள காற்றமுக்கம் கொழும்பினதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு. ஹட்டன் 1,271 மீற்றரில் இருப்பதால் அங்கே கொஞ்சம் கூடுதல். இதை எல்லா வீட்டு அடுப்படியும் அறியும், எண்ணாகத் தெரியாது அவ்வளவே. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது, அதனால்தான் பருப்பு வேக அவ்வளவு நேரம் பிடிக்கிறது. பிரஷர் குக்கர் அங்கே வசதிப் பொருளல்ல, அவசியப் பொருள். லேண்ட் ரோவரின் ரேடியேட்டர் மூடியும் ஒரு குக்கர் மூடிதான். உள்ளே அமுக்கத்தைக் கூட்டிக் கொதிநிலையை உயர்த்தி வைக்கிறது. மூடியின் ரப்பர் தேய்ந்தால் கொழும்பில் சமாளித்துக்கொள்ளும் எஞ்சின், மலையில் கொதித்துப் பொங்கும்.

சிலிண்டர் ஒவ்வொரு தடவையும் உறிஞ்சும் காற்றின் கொள்ளளவு மாறுவதில்லை. ஆனால் அதே கொள்ளளவுக்குள் மலையில் ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு. ஏழில் ஒன்றாக நெருக்கினாலும் தொடங்கிய இடமே தாழ்வாக இருப்பதால் முடியும் இடமும் தாழ்வாகவே இருக்கும். 150இல் ஐந்தில் நாலு பங்கு 120. வலுவும் அதே கணக்கில் குறையும். புதிதாக இருந்தபோது 77 குதிரைவலு தந்த எஞ்சின் நுவரெலியாவில் அறுபதை ஒட்டித்தான் தரும். இது இலங்கைக்கு மட்டும் உரிய விதி அல்ல. மேற்கு வங்கத்தில் மானேபஞ்ஜாங்கிலிருந்து 3,636 மீற்றர் உயரச் சந்தக்ஃபுவுக்குப் பழைய லேண்ட் ரோவர்கள் பயணிகளை ஏற்றிப் போகின்றன. அந்த உச்சியில் காற்று மூன்றில் இரண்டு பங்குதான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் ஜீப்புகளுக்கும் இதே பாடு. ஆகவே மலையில் எண்ணின் அளவைவிட எண்களுக்கிடையிலான ஒற்றுமைதான் முக்கியம். நாலும் 120 என்றால் நிம்மதியாகப் போய்த் தேத்தண்ணி குடிக்கலாம். 120, 118, 85, 116 என்றால் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹெட் கழன்றுவிட்டது. சிலிண்டருக்குள் விரலை விட்டு மேலிருந்து கீழே தடவினால், விளிம்பிலிருந்து சில மில்லிமீற்றர் கீழே நகம் ஒரு சிறு படியில் தட்டும். அந்தப் படிக்கு மேல் வளையம் எட்டுவதில்லை. அந்தப் பட்டை தொழிற்சாலையில் துளைத்த அன்றைய விட்டத்தோடு அப்படியே இருக்கிறது. படிக்குக் கீழேதான் பள்ளம். தேய்மானத்தின் பெரும்பகுதி அங்கே, உச்சியில். கீழே வரவரச் சுவர் புதிதுபோல் இருக்கும். ஒரே பிஸ்டன், ஒரே ஒயில், ஒரே சுவர். மேலே மட்டும் ஏன் இப்படி?

தட்டையான கல்லைக் குளத்தில் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகும். வேகம் இருக்கும் வரை தண்ணீர் அதைத் தாங்கும், வேகம் தீர்ந்ததும் மூழ்கும். ஒயிலும் அப்படித்தான் தாங்குகிறது. வளையம் வேகமாக வழுக்கும்போது தனக்கு முன்னால் உள்ள ஒயிலை ஆப்புப்போல் இடுக்கில் தள்ளி, அந்த ஆப்பின் மேல் மிதந்து போகிறது. இரும்பு இரும்பைத் தொடுவதே இல்லை. ஆனால் உச்சியில் பிஸ்டன் திரும்ப வேண்டும். திரும்புவதற்கு ஒரு கணம் நிற்க வேண்டும். நின்ற கணத்தில் கல் மூழ்குவதுபோல் வளையம் ஒயிலைத் தாண்டிச் சுவரைத் தொடுகிறது. நெருப்பு மிகக் கடுமையாக இருப்பதும், எரிந்த வாயு வளையத்தின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துவதும் அதே இடத்தில்தான். அடியிலும் பிஸ்டன் நின்றுதான் திரும்புகிறது, ஆனால் அங்கே நெருப்பும் இல்லை, அமுக்கமும் இல்லை, ஒயிலுக்கும் பஞ்சமில்லை.

ஒயில் சுமையைத் தூக்கி நிறுத்துகிறது என்பது எப்படித் தெரிய வந்தது? ஒரு தக்கையால். 1880களின் தொடக்கத்தில் லண்டனில் இயந்திரப் பொறியாளர் நிறுவனத்துக்காக பியூசாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சுத் தாங்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். தாங்கியின் உச்சியில் ஒயில் விடுவதற்கென்று ஒரு துளை போட்டார். ஒயில் உள்ளே போவதற்குப் பதிலாக அதன் வழியே வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் நிற்கவில்லை. துளையில் அமுக்கமானியைப் பொருத்திப் பார்த்தபோதுதான், சுழலும் அச்சு தானே ஒயிலுக்குள் அமுக்கத்தை உண்டாக்கி அதன் மேல் ஏறி மிதக்கிறது என்பது வெளிப்பட்டது. அந்த அமுக்கம் எங்கிருந்து வருகிறது என்று 1886இல் ஒஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் கணிதத்தால் விளக்கினார். டவர் தக்கையோடு மல்லுக்கட்டிய அதே ஆண்டுகளில்தான் இலங்கையின் மலை ரயில் பாதை ஹட்டனைத் தாண்டி 1885இல் நானு ஓயாவை எட்டியது. அந்த ரயிலின் ஒவ்வொரு அச்சும் அவரது தக்கையைத் தள்ளிய அதே ஒயிலின் மேல்தான் ஏறி வந்தது.

மேல்முனைத் தேய்மானத்தின் வேகத்தையும் ஒரு கை பார்க்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் பிஸ்டன் உச்சியில் மணிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் தடவை திரும்புகிறது. 3,000 மணிநேரம் ஓடினால் 36 கோடி தடவை. இத்தனைக்கும் சுவர் ஒரு பக்கம் இழந்தது 0.1 மி.மீ. வகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய 900 தடவை உரசினால்தான் ஓர் அணு ஆழத்துக்கு இரும்பு போகிறது. உண்மையில் அணு அணுவாகச் சீராக உதிர்வதில்லை, கொத்துக் கொத்தாகப் பிய்கிறது. குளிர்காலைத் தொடக்கங்கள் அதிகம் தின்னும், சூடான ஓட்டம் குறைவாகத் தின்னும். ஆனாலும் சராசரி இதுதான். இவ்வளவு கஞ்சத்தனமாகத் தேயும் ஒரு பொருளைப் பாழாக்க எளிய வழி மண். ஜனவரி முதல் மார்ச் வரை தோட்டப் பாதைகளில் எழும் புழுதியில் வெண்கல் எனப்படும் குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கும், அது வார்ப்பிரும்பைவிடக் கடினம். காற்று வடிகட்டியின் கிண்ணத்தில் ஒயில் இல்லாமல் ஒரு கோடைகாலம் ஓட்டினால், அடுத்த கோடைக்கு முன் கராஜுக்கு வர வேண்டியிருக்கும்.

தேய்மானத்தை அளக்க விலையுயர்ந்த துளைமானி வேண்டுமென்பதில்லை. ஒரு பிஸ்டன் வளையமும், மெல்லிய எஃகுத் தகடுகளின் கட்டான ஃபீலர் கேஜும் போதும். இது வேலையிலேயே அழகான இடம், கொஞ்சம் நின்று பார்க்கலாம். வளையம் முழு வட்டமல்ல, ஓரிடத்தில் வெட்டப்பட்டிருக்கும். சூட்டில் நீள்வதற்கு இடம் வேண்டும். தண்டவாளத் துண்டுகளுக்கிடையே விடும் இடைவெளி எதற்கோ அதற்காகவே. பிஸ்டனைச் சுற்றி இப்படி வெட்டு வளையம் போடும் யோசனை 1850களில் ஜோன் ராம்ஸ்பொட்டம் என்ற ஆங்கிலப் பொறியாளருடையது. வளையத்தைத் தனியே சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதனால் தள்ளி, சாயாமல் நேராக அடிப்பக்கம் வரை இறக்க வேண்டும். அங்கே தேய்மானமில்லை. வெட்டு இடைவெளிக்குள் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்தால் 0.40 மி.மீ. தகடு இதமாக இழுபடுகிறது. வளையத்தை மேலே ஏற்றி, நகம் தட்டிய படிக்குச் சற்றுக் கீழே வைத்து அளந்தால் 1.03. வித்தியாசம் 0.63. வட்டத்தின் விட்டம் கூடினால் சுற்றளவு அதைப்போல் மூன்றேசொச்ச மடங்கு கூடும், அந்தச் சுற்றளவுக் கூடுதல் முழுவதும் வளையத்தின் வெட்டில் வந்து தெரிகிறது. 0.63ஐ 3.14ஆல் வகுத்தால் 0.20. சிலிண்டர் மேலே 0.20 மி.மீ. பெருத்திருக்கிறது. பாடசாலையில் மனனம் செய்த பை, கொட்டிலில் இப்படிக் கைக்கு உதவுகிறது.

அடுத்த வேலை வீட்டில் ஆகாது. சிலிண்டரைத் துளைத்துப் பெரிதாக்க லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் எல்லாமே செய்யலாம் என்று நம்ப வைப்பவர்களை நம்ப வேண்டாம். வீட்டில் பிரிக்கலாம், அளக்கலாம், கழுவலாம், வால்வு அரைக்கலாம், பூட்டலாம். துளைப்பதும், கிராங்க் அச்சைத் தேய்ப்பதும், ஹெட்டின் முகத்தைச் சமன் செய்வதும் பட்டறை வேலை. பெரிய பிஸ்டன்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, இருபது, முப்பது, நாற்பது என்று படிப்படியாகக் கிடைக்கும். ஒரு சிலிண்டருக்கு இப்படி நாலு பிறவி. அதற்குப் பிறகு உள்ளே உறை போட்டு மறுபடி முதல் பிறவியிலிருந்து தொடங்க வேண்டும்.

துளைத்த சிலிண்டரைப் பட்டறையில் ஒரு சுழலும் கல்லால் தேய்த்து, குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த கோடுகள் விழச் செய்வார்கள். பளபளப்பாக இருந்த சுவரைக் கீறிவிடுகிறார்களே என்று முதன்முதலில் பார்ப்பவருக்குப் பதறும். அம்மி கொத்துவதை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும். வழுவழுத்துப்போன அம்மியில் மிளகாய் அரையாது, உளி கொண்டு கொத்திப் பொளி போட்டால்தான் பிடிமானம் வரும். சிலிண்டரில் அந்தக் கோடுகள் பிடித்து வைப்பது ஒயிலை. கண்ணாடிபோல் வழுவழுத்த சுவரில் ஒயில் தங்காது, புது வளையம் சுவரோடு பொருந்தவும் வழியிருக்காது.

பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதிகம் பேர் தப்பு செய்யும் இடம் வருகிறது, கழுவுதல். பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவினால் சுத்தமானதுபோல் தெரியும். ஆனால் தேய்த்த கல்லின் துகள்கள் கோடுகளுக்குள் அப்படியே பதுங்கியிருக்கும். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் தூரிகையும்தான் அவற்றை வெளியே கொண்டுவரும். வெள்ளைத் துணியால் துடைத்து, துணி சாம்பல் நிறமாகிக்கொண்டிருக்கும் வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே திரும்பி வந்தால்தான் முடிந்தது. அடுத்த நிமிடமே ஒயில் பூச வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் பூசாமல் விட்ட வார்ப்பிரும்பு இரவோடிரவாகத் துருப்பிடித்து, காலையில் செம்பட்டை நிறத்தில் காத்திருக்கும்.

வால்வு அரைப்பது பொறுமையின் வேலை. வால்வின் முகத்தில் அரைக்கும் பசையைத் தொட்டு, இருக்கையில் வைத்து, ரப்பர் குமிழ் ஒட்டிய குச்சியை இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மத்தால் மோர் கடைவதுபோல் இப்படியும் அப்படியும் உருட்ட வேண்டும். இடையிடையே வால்வைத் தூக்கிக் கொஞ்சம் திருப்பி வைத்தால்தான் ஒரே தடம் விழாது. கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய மோதிரம் முழுச் சுற்றிலும் அறாமல் தெரியும். சரியாக அடைக்கிறதா? ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளுக்கு மேலுள்ள குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருக்கலாம். மறுபக்கம் ஈரம் கசியாவிட்டால் காற்றும் கசியாது. பழைய ஹெட் என்றால் இன்னொரு கேள்வியும் பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. அதுவரை ஒவ்வொரு எரிப்பிலும் ஈயத்தின் மெல்லிய பூச்சு வால்வு இருக்கையைக் காத்துவந்தது. பூச்சு போனதும், கடினப்படுத்தாத பழைய இரும்பு இருக்கைகளைப் புகைவால்வுகள் மெல்ல மெல்லத் தின்னத் தொடங்கின. ஆகவே கடின இருக்கைகள் போடப்பட்டிருக்கின்றனவா என்று கேட்க வேண்டும், இல்லையென்றால் போடச் சொல்ல வேண்டும். மனிதருக்கு ஈயத்தால் வந்த கேட்டைப் பார்க்க இது அற்பச் செலவு.

கிராங்க் அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையிலான இடைவெளி தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. பூட்டிய பிறகு அதற்குள் எந்தத் தகடும் நுழையாது. அளப்பதற்குச் சேமியா இழைபோல் ஒரு மெழுகு நூல் விற்கிறார்கள். அச்சின் மேல் ஒரு துண்டை வைத்து, தாங்கியின் மூடியை உரிய இறுக்கத்துக்கு முடுக்கி, அச்சைத் திருப்பாமல் மறுபடி கழற்றினால் நூல் நசுங்கி அகன்றிருக்கும். எவ்வளவு அகலமோ அவ்வளவு ஒடுக்கமான இடைவெளி. பொதியுறையில் அச்சிட்ட அளவுகோலோடு ஒப்பிட்டால் எண் கிடைக்கும்.

வால்வுகளுக்கும் அவற்றைத் தள்ளும் கைகளுக்கும் இடையே அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு விடவேண்டும், உள்வாய் வெளிவாய் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. எந்த வால்வை எப்போது அளப்பது என்று நினைவு வைத்துக்கொள்ள ஒரு கணக்கு உண்டு, கூட்டினால் ஒன்பது. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை அளக்கலாம், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. எட்டு வால்வும் இப்படியே முடியும்.

புது வளையமும் புதுச் சுவரும் முதல் சில நூறு மைல்களில்தான் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. சுவரில் போட்ட கோடுகளின் கூர்முனைகளை வளையம் மழித்துத் தனக்குரிய தடத்தைச் செய்துகொள்கிறது. எஞ்சினைக் கொட்டிலில் நிறுத்தி வைத்து மணிக்கணக்கில் சும்மா ஓடவிடுவது இதற்கு உதவாது. சுமையில்லாமல் எரிந்த வாயு வளையத்தைச் சுவரோடு போதுமளவு அழுத்தாது, சுவர் மறுபடி வழுவழுத்துவிடும். மிதமான ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும் பாதைதான் உகந்தது. ஏற்றத்தில் வாயு வளையத்தை அழுத்தும், இறக்கத்தில் வெற்றிடம் ஒயிலை மேலே இழுத்து உதிர்ந்த தூளைக் கழுவும். புஸ்ஸல்லாவை, றம்பொடை, லபுக்கலைப் பாதை இந்த வேலைக்கென்றே வெட்டியதுபோல் இருக்கிறது. ஐந்நூறு மைலில் ஒயிலை இறக்கினால் வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது வெள்ளி மினுக்கம் தெரியும். அது நல்ல செய்தி. இரண்டாம் முறை இறக்கும்போதும் அதே மினுக்கம் இருந்தால் நல்ல செய்தி அல்ல.

கடைசியாக நாலு சிலிண்டரையும் மறுபடி அளந்து, எண்களைத் திகதியோடு பொனட்டின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதிவிடுங்கள். பக்கத்தில் ஊர்ப் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். நுவரெலியாவில் எழுதிய 120ஐ, வண்டியை வாங்கப்போகிறவர் ஒருநாள் கொழும்பில் நின்று வாசிக்கக்கூடும்.